கை படாத பிரதி

1

போன தை மாதம் ஒருவர் என்னைத் தேடித் திருமழிசைக்கு வந்தார். காமிக்ஸ் சேகரிப்பவர். என்னிடம் பழைய முத்து காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, நகரத்திலிருந்து பூந்தமல்லி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நல்ல மனிதர். அவரோடு சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. பரணிலிருந்து இறக்கிய பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் பின் அடித்த இடம், துரு ஏறியிருக்கிறதா என்று. அப்புறம் அட்டையின் நான்கு மூலைகள். அப்புறம் உள்ளே ஏதாவது பக்கம் குறைகிறதா. கதையை அவர் பார்க்கவில்லை. கதை அவருக்கு மனப்பாடம்.

‘பாம்புத் தீவு’ கைக்கு வந்தபோது அவர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. அட்டையின் வலது ஓரத்தில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. கிரீஸ் கறை. உள்ளேயும் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில், புரட்டுகிற மூலையில், அதே விரல்.

“கை பட்டிருக்கே சார்” என்றார். “கை படாத காப்பியா இருந்தா நீங்க கேக்கறதைக் குடுத்துடுவேன். இது ரீடிங் காப்பி.”

ரீடிங் காப்பி. அதாவது வாசிக்கப்பட்ட பிரதி. ஒரு புத்தகத்தை ஒருவன் வாசித்திருக்கிறான் என்பதே அந்தப் புத்தகத்தின் குறை என்று ஆகிவிட்ட இடத்துக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். அந்தக் கட்டைவிரல் என் பெரியப்பா மகனுடையது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் கட்டுரைக்கு அந்த விரல்தான் ஆரம்பம்.

2

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. நிறுவியவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அதே வருடம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்து, 2005 வரை ஓடியது. பேருந்து நிலையப் பெட்டிக்கடையிலும் வாடகை நூல் நிலையத்திலும் பழைய பேப்பர் கடையிலும் கிடைத்த இந்தப் புத்தகங்கள் இரண்டு மூன்று தலைமுறைத் தமிழ்ப் பையன்களுக்கு வாசிப்புப் பழக்கத்தைக் கொடுத்தன. நம் சிறுபத்திரிகை உலகம் இவற்றைப் பற்றி எழுதியது மிக மிகக் குறைவு. துப்பறியும் நாவலுக்குக்கூட எப்போதாவது ஒரு கட்டுரை கிடைத்தது. காமிக்ஸுக்கு ஒரு வசைச்சொல்லோடு சரி.

வசையை நான் நேரிலேயே வாங்கியிருக்கிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் போய்க்கொண்டிருந்த படிப்பு வட்டத்தில் என் பையிலிருந்து ஒரு லயன் காமிக்ஸ் எட்டிப் பார்த்துவிட்டது. மூத்த தோழர் ஒருவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “ஏகாதிபத்தியக் குப்பை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று இரவு பெட்டி பரணுக்குப் போனது.

தோழர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1971இல் சிலி நாட்டில் டார்ஃப்மனும் மாத்தலாரும் டொனால்ட் டக் கதைகளை எப்படி வாசிப்பது என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். வாத்துக்குள்ளே வங்கி உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்தப் புத்தகம் எரிக்கப்பட்டது. அதிகாரத்துக்கு அது உறுத்தியிருக்கிறது. 1962இல் உம்பர்த்தோ எக்கோ சூப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரையில், உலகத்தையே புரட்டிப் போடுகிற சக்தி உள்ளவன் ஏன் வங்கிக் கொள்ளைக்காரனைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறான் என்று கேட்டார். தனிச்சொத்துக்கு வருகிற ஆபத்து மட்டுமே அங்கே தீமையாகத் தெரிகிறது என்றார். ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்ற பெயரில் வந்த ஃபேன்டமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் காட்டில் கறுப்பு மக்களுக்கு ஒரு வெள்ளைக்காரன் பரம்பரை பரம்பரையாகக் காவல் தெய்வம். இதை விளக்க நமக்கு எந்தக் கோட்பாடும் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

ஆனாலும் இந்த விமர்சனம் ஒன்றைக் கேட்க மறந்தது. பிரதிக்குள் என்ன கருத்தியல் இருக்கிறது என்று கேட்டது. அந்தப் பிரதியைப் பூந்தமல்லியில் எட்டணாவுக்கு வாங்கி, மதியச் சோற்று இடைவேளையில் கிரீஸ் கையோடு புரட்டியவன் அதில் என்ன படித்தான் என்று கேட்கவில்லை. வாசகன் என்றாலே ஏமாந்தவன் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அந்த வாசகன் எங்கள் வீட்டிலேயே இருந்தான்.

3

‘இரும்புக்கை மாயாவி’யின் மூலம் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையான வேலியன்ட்டில் 1962இல் ஆரம்பித்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘எஃகு நகம்’ அல்லது ‘எஃகுக் கொடுக்கு’ என்று வரும். அந்த ஆங்கிலச் சொல் மிருகத்துக்கு உரியது. தமிழுக்கு வந்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. நகம் கையாக மாறியது, மிருகத்தின் உறுப்பு மனிதனின் உறுப்பாயிற்று. கூடவே மூலத் தலைப்பில் இல்லாத ‘மாயாவி’ வந்து ஒட்டிக்கொண்டது. தெரிகிற ஒன்றையும் தெரியாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தலைப்பு இது. விற்பனைக்காகச் செய்திருக்கலாம். எதற்காகச் செய்திருந்தாலும், மூலத்தைவிடக் கதையைச் சரியாகப் படித்த தலைப்பு என்றே நான் சொல்வேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் வலது கை போகிறது, பதிலுக்கு எஃகுக் கை பொருத்துகிறார்கள். திரும்ப வேலைக்கு வருகிறான். இன்னொரு பரிசோதனை வெடிக்கிறது, மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது, உடம்பு மறைந்துபோகிறது. கை மட்டும் தெரிகிறது. அதிலிருந்து மின்சாரம் பாயும்போதெல்லாம் மறைவான். சக்தி தீர்ந்ததும் பழையபடி தெரிவான். (எங்கள் தெருவில் இதைச் செய்து பார்க்க பிளக்கில் கம்பி செருகியவர்களில் நானும் ஒருவன். மறையவில்லை. உதைதான் கிடைத்தது.)

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, இவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன் அல்ல, அரச குமாரன் அல்ல, கோடீஸ்வரன் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த இடத்தில் அடிபட்டவன். அடுத்தது, சக்தி வந்ததும் அவன் நல்லவன் ஆகிவிடவில்லை. முதல் கதையில் அவன் கொள்ளைக்காரன், நகரத்தையே மிரட்டுகிறவன். கை போனவனுக்கு உலகத்தின் மேல் வருகிற கோபத்தைக் கதை கொஞ்ச நேரமாவது மறைக்காமல் காட்டுகிறது. அப்புறம்தான் திருந்துகிறான், நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்கிறான், அவன் எஃகு விரல்களுக்குள் துப்பாக்கியும் விஷப்புகையும் வைத்துக் கொடுக்கிறார்கள். அடிபட்டவனின் கோபத்தை அரசு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. தோழர் சொன்ன ‘ஏகாதிபத்தியம்’ உள்ளே வருவது இந்த இடத்தில்தான். முதல் கதையின் கோபத்துக்கும் பின்னால் வந்த கதைகளின் விசுவாசத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த விரிசலை நாங்கள் படிக்கவேயில்லை. மொத்தமாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டோம்.

மூன்றாவதாக, மறைந்த மாயாவியின் படத்தைப் பாருங்கள். வெற்று அறை, காற்றில் ஒரு கை. கை வேலை செய்கிறது: கதவைத் திறக்கிறது, நெம்புகோலை இழுக்கிறது. கைக்குப் பின்னால் ஆள் கிடையாது. இதைப் பார்க்க பார்சிலோனாக்காரரான ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகள் தேவைப்பட்டன. சிட்கோ தொழிற்பேட்டைக்குள் இருக்கிறவர்களுக்கோ இது தினசரிக் காட்சி. “நாளைக்கு நாலு கை கூடுதலா வேணும்” என்று சூப்பர்வைசர் சொல்வான். ஆள் என்று சொல்ல மாட்டான்.

4

அண்ணன் 1986இலிருந்து பிரஸ் ஷாப்புகளில் வேலை பார்த்தார். பவர் பிரஸ் ஆபரேட்டர். இடது கையால் தகட்டைத் தள்ள வேண்டும், வலது கையால் அடித்த பீஸை டையிலிருந்து எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் கிளட்ச் பிடிக்கும், ராம் இறங்கும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை கையும் காலும் இப்படித் தாளம் தப்பாமல் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரஸ்ஸுக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி வைக்கலாம், டையைச் சுற்றிக் கம்பி வலை போடலாம். ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி போட வேண்டும் என்று அன்றைக்கு இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொன்னது. வேலி போட்டால் பீஸ் குறையும். அதனால் கழற்றி மூலையில் வைத்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மாட்டுவார்கள்.

1993இல் ஒருநாள் ராம் இரண்டாவது தடவை தானாக இறங்கியது. டபுள் ஸ்ட்ரோக் என்பார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையை அப்போதுதான் முதல் தடவை படித்தேன். ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே கணக்குத்தான். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம். நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கட்டைவிரல் 30. மூன்று விரல் சேர்ந்து போனால் 30. கை முழுவதும் போனால் 60. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டதற்கும் தனி எண் உண்டு. நான் படித்த எந்தக் கோட்பாட்டு நூலிலும் உடலும் அதிகாரமும் இவ்வளவு துல்லியமாகச் சந்தித்துக்கொண்டதைப் பார்த்ததில்லை. அந்த அட்டவணை தேவை, போராடி வாங்கியது, அது இல்லாமல் போயிருந்தால் இன்னும் மோசம். இருந்தாலும் அது பார்க்கிற விதமும் மாயாவி கதையின் சட்டகமும் ஒன்றுதான்: கை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் கழித்து அண்ணன் தன் காமிக்ஸ் பெட்டியை எனக்குக் கொடுத்தார். “நீயே வச்சுக்கடா. மாயாவிக்கு ஒரு கை போச்சு, பவர் வந்துச்சு. எனக்கு மூணு விரல் போச்சு, பவர் பிரஸ்லேர்ந்து கேட்டுக்கு மாத்திட்டாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கேட் என்றால் வாட்ச்மேன் வேலை.

அந்த வருடம்தான் நான் ஒரு பத்திரிகைக்கு ‘உழைப்பும் அந்நியமாதலும்’ என்று பதினாறு பக்கம் எழுதினேன். மார்க்ஸின் 1844 கையெழுத்துப் பிரதிகள் அதில் வந்தன. அண்ணன் வரவில்லை. பெரியப்பா மகனின் விரலை எழுதுவது தத்துவத்துக்குக் குறைவு என்று நினைத்தேனோ என்னவோ.

அண்ணியும் வரவில்லை. விபத்துக்குப் பிறகு அண்ணனுக்குச் சட்டைப் பட்டன் போட்டதும், சோறு பிசைந்து கொடுத்ததும், இடது கையால் கையெழுத்துப் போடப் பழக்கியதும் அண்ணி. அதே சமயம் அவர் வீட்டு வேலைக்கும் போக ஆரம்பித்தார். அந்தக் கைக்கு எந்த அட்டவணையிலும் சதவீதம் கிடையாது. காமிக்ஸைப் பற்றி ஆண்கள் எழுதுகிற நினைவுக் குறிப்புகளில் ‘எங்கள் பால்யம்’ என்று ஒன்று வரும். அதில் அம்மா வருவது புத்தகத்தைப் பிடுங்கி எறிவதற்காக மட்டும். பரணில் கரையான் வராமல் முப்பது வருடம் அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்தது யார் என்று நானும் எழுதியதில்லை. என் மனைவி.

5

சேகரிப்புக்கு வருகிறேன். சேகரிப்பவர்களைக் கேலி செய்வது சுலபம், அது எனக்கு வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் பழைய தமிழ் காமிக்ஸில் பாதி காகிதக் கூழாகியிருக்கும். நூலகங்கள் இவற்றைச் சீண்டவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனை பழைய புத்தகக் கடைகள் போயின என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2012க்குப் பிறகு லயனும் முத்துவும் நல்ல தாளில், வண்ணத்தில் திரும்ப எழுந்து வந்ததற்குக் காரணம், ஊர் ஊராக இருந்து முன்பணம் கட்டிய இந்த வாசகர்கள்.

என் கேள்வி ‘கை படாத’ என்ற சொல்லைப் பற்றியது. நம் மொழியில் கை படாதது, தொடாதது, புழங்காதது என்று சொல்லித் தூய்மைக்கு விலை ஏற்றுவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பெயர் நமக்கெல்லாம் தெரியும். கிணறு, கோயில், டீக்கடை கிளாஸ் வழியாக வந்த அதே இலக்கணம் ஒரு பழைய காமிக்ஸ் பிரதியின் மதிப்பீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. சேகரிப்பவர் சாதி பார்க்கிறார் என்று சொல்லவரவில்லை. கை பட்டால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் நமக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இது உச்சத்துக்குப் போயிருக்கிறது. சி.ஜி.சி. என்ற நிறுவனம் 2000இலிருந்து காமிக்ஸுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துச் சீல் வைத்துத் தருகிறது. சீலை உடைத்தால் மார்க் போச்சு. அந்தப் புத்தகத்தை இனி யாரும் படிக்க முடியாது. படிக்க முடியாது என்பதற்குத்தான் விலை. சூப்பர்மேன் முதலில் வந்த 1938ஆம் வருடத்து இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்குப் போனது.

அந்த சூப்பர்மேனை உண்டாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையும் சேர்த்துக் கொடுத்த காசோலை பத்திரமாக இருந்து, 2012இல் அதுவும் ஏலத்துக்கு வந்து, 1,60,000 டாலருக்கு விற்றது. சுரண்டலின் ரசீதும் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. பண்ட வழிபாட்டைப் பற்றி மார்க்ஸ் எழுதியதற்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு கிடைக்காது.

இந்தக் கதை நம் பக்கமும் வருகிறது. பிற்பாடு சீகல் வேலை தேடிப் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு எழுதினார். அறுபதுகளின் நடுவில் ‘ஸ்பைடர்’ என்ற கொள்ளையர் தலைவனின் கதைகளைத் தொடர்ந்து எழுதியவர் அவர்தான். லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்த அதே ஸ்பைடர். அந்தப் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகள் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ போடுவதில்லை. ஆக, சூப்பர்மேனை உண்டாக்கிய கை சிவகாசி வழியாகத் திருமழிசைக்கு வந்தது. பெயர் வரவில்லை. பிளாஸ்கோவின் கையும் அப்படித்தான் வந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியவந்தபோது எனக்கு நாற்பது வயது. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கதைக்குள்ளே மட்டுமில்லை, கதையை உற்பத்தி செய்த இடத்திலும் இதுதான் விதி. தமிழில் பேச்சுக் குமிழ்களுக்கு எழுத்துக் கோத்தவர்கள், சிவகாசி அச்சகங்களில் தாள் வெட்டியவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

6

இனி சினிமா. 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்துக்குப் பிறகு உலகத்துக்கே சூப்பர்ஹீரோ என்றால் இரும்பு உடுப்பு. அதில் வருகிறவனும் அடிபட்டவன்தான். ஆனால் அவன் ஆயுதக் கம்பெனி முதலாளி, அவன் கம்பெனி செய்த குண்டே அவன் நெஞ்சில் பாய்கிறது. குகைக்குள் அவனைக் காப்பாற்றி, இரும்பு உடுப்பைச் செய்ய உதவுகிறவன் பாதியில் செத்துப்போகிறான். முதலாளி பறந்துபோகிறான். இரும்பு மனிதன் முதலாளி. இரும்புக்கை மாயாவி உதவியாளன். 1962க்கும் 2008க்கும் நடுவில் இரும்பு கைமாறிவிட்டது.

தமிழில் மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) தொடங்கிச் சில முயற்சிகள் நடந்தன. இவற்றில் நாம் உட்கார்ந்து பேச வேண்டிய படம் மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ (2023). கதாநாயகன் படக்கதை வரைபவன். அவன் வரைந்தது அவன் பெயரில்லாமல் பத்திரிகையில் வருகிறது. குடிசையைக் காலி செய்து அடுக்குமாடிக்கு அனுப்பப்படுகிறது அவன் குடும்பம். கட்டடம் உதிர்கிறது. பயந்தாங்கொள்ளியான அவனுக்கு ஒருநாள் தலைக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது, அவன் கதையை அவனுக்கே சொல்கிற குரல். குரல் சொல்லச் சொல்ல அவன் கை அடிக்கிறது. தன் கைக்குத் தானே சொந்தக்காரனாக இல்லாத ஒரு கலைத்தொழிலாளியை இவ்வளவு நேராகக் காட்டிய வேறு வெகுசனத் தமிழ்ப் படம் என் நினைவில் இல்லை. கைப்பிடி கழன்று வருகிற அந்த வீட்டைப் பார்த்துத் தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் “எங்க வீடுதான்” என்றார்.

ஆனால் படம் போகிற வழியைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் அன்றைய குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில் நடந்தது நமக்கு நினைவிருக்கிறது. குடியேறியவர்கள் சுவரை விரலால் சுரண்டினார்கள், சிமென்ட் பூச்சு கொட்டியது. அதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். சட்டமன்றம் வரை பேச்சு போனது, ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து தரத்தை ஆய்வு செய்தார்கள். அங்கே சாட்சி சொன்னது மக்களின் விரல்கள், பெரும்பாலும் பெண்களின் விரல்கள். சினிமாவுக்கு வரும்போது அத்தனை விரலும் ஒரே ஆளின் முஷ்டியாகச் சுருங்குகிறது. அந்த முஷ்டிக்கும் மேலேயிருந்து ஒரு குரல் கட்டளை போட வேண்டியிருக்கிறது. அவன் அம்மா முதல் காட்சியிலிருந்தே எதிர்த்துப் பேசுகிறாள். அவளுக்கு எந்தக் குரலும் தேவைப்படவில்லை. அவள் படத்தின் நாயகி ஆவதில்லை.

மலையாளத்தில் ‘மின்னல் முரளி’ (2021) இன்னொரு சங்கடத்தைக் காட்டியது. ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. தையல்காரன் நாயகன் ஆகிறான். டீக்கடையில் எடுபிடி வேலை செய்கிற, ஊரே ஒதுக்கி வைத்த அந்நியன் வில்லன் ஆகிறான். படம் பார்த்து முடித்தவர்களில் பாதிப் பேர் வில்லனுக்காக வருத்தப்பட்டார்கள். கிராண்டேலின் முதல் கதையில் ஒரே ஆளுக்குள் இருந்த கோபத்தையும் நன்மையையும் சினிமா இரண்டு ஆளாக வெட்டி, கோபத்தைச் சாகடிக்கிறது.

இந்தப் படங்களைச் செய்கிற கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பூந்தமல்லி அருகே இருக்கிற ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் 2020 பிப்ரவரி 19 அன்று இரவு, தனியாளாக நின்று ஊழலை ஒழிக்கிற தாத்தாவின் கதையான ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். திரையில் நாயகன் விழும்போது பிடிக்கக் கயிறு இருக்கிறது. அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர்களைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். அழிப்பதும் ஒரு வேலை, அதைச் செய்வதும் யாரோ ஒருவரின் கைதான்.

‘இரும்புக்கை மாயாவி’ படமாக வரப்போகிறது என்று லோகேஷ் கனகராஜின் பெயரோடு சேர்த்துப் பல வருடங்களாகப் பேச்சு இருந்திருக்கிறது. வந்தால் முதல் நாளே பார்ப்பேன். கை எப்படிச் சுடுகிறது என்பதைவிட, கை எப்படிப் போனது என்பதற்குப் படம் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறது என்று பார்ப்பேன்.

7

எங்கள் ஊரில் பழைய கதை ஒன்று உண்டு. ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஆழ்வார், கைகால் உருவாகாத பிண்டமாகப் பிறந்து மூங்கில் புதரில் விடப்பட்டவர், பிரம்பறுக்கிற ஒருவர் எடுத்து வளர்த்தார் என்று குருபரம்பரை சொல்லும். பெரும்புலியூரில் அவரைக் கண்டதும் அந்தணர்கள் வேதம் ஓதுவதை நிறுத்தினார்களாம், இவன் காதில் விழக்கூடாது என்று. திரும்ப ஓத முயன்றபோது விட்ட இடம் மறந்துபோயிற்று. ஆழ்வார் வாய் திறக்கவில்லை. ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் கிள்ளிக் காட்டினார். அந்த வரி அதுதான். இதை பக்திக் கதையாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு இது பேச்சு மறுக்கப்பட்டவன் விரலால் பேசிய கதை. அந்த விரலுக்குப் பின்னால் இருந்த ஆளை அவர்கள் அன்று பார்க்க வேண்டிவந்தது. கதையின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

இதே ஆழ்வாருக்கு வலது காலில் ஒரு கண் இருந்ததாகவும், சிவனின் நெற்றிக்கண்ணோடு அது போட்டி போட்டதாகவும் சொல்வார்கள். தை மகத்தன்று ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்கு வந்த அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “பிரஸ் ஆபரேட்டருக்கு இதாண்டா வேணும். கால்ல ஒரு கண்ணு.”

சூப்பர்ஹீரோக்களைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்குச் சமமாக இன்னொன்றைச் சொல்ல முடியாது. பெடலை மிதித்த காலுக்குத் தெரியாது, கை எங்கே இருக்கிறது என்று. எந்தச் சக்தி தேவை என்பதை வேலை செய்கிறவனின் உடம்பு துல்லியமாகச் சொல்கிறது. பறக்க வேண்டாம், மறைய வேண்டாம். விரல் போகாமல் இருந்தால் போதும். அதற்கு அதிசயமும் தேவையில்லை, மூலையில் கழற்றி வைத்த வலையை எடுத்து மாட்டினால் போதும்.

சேகரிப்பவர் கேட்ட மற்றப் புத்தகங்களில் சிலவற்றைக் கொடுத்துவிட்டேன். பணம் வேண்டியிருந்தது. மறுநாள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் இரவுக் காவல்.

“எவ்ளோ சொன்னான்?”

சொன்னேன்.

“பாம்புத் தீவுக்கு மட்டும் ஏன் கம்மி?”

“ரீடிங் காப்பியாம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ரீடிங் காப்பின்னா படிக்கிற காப்பிதானே? அப்ப அதானே நல்ல காப்பி?” பிறகு, “எடுத்துட்டு வாயேன், நைட்டு டியூட்டில படிக்கலாம்” என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது கேட்டுக்குப் பக்கத்து மேசையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் கிடக்கிறது. போன வாரம் போனபோது பார்த்தேன். டீக்கறை ஒன்று புதிதாக விழுந்திருந்தது. தண்ணி லாரி டிரைவர் ஒருவர் நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தார்.